சொந்த வீட்டுக் கோடு இறங்கியபோது

1

அந்தச் செவிலி எதைக் கண்டாலும் முதலில் மொத்தத்தைச் சொல்வாள். பிறகு ஏற்ற இறக்கங்களைச் சொல்வாள். காரணத்தை மட்டும் சொல்லவே மாட்டாள். கணவன் சமைத்துவிட்டு எப்படி என்று கேட்டால், மொத்தத்தில் நன்று என்றும், உப்பு தொடக்கத்தில் வேகமாக உயர்ந்து பிறகு நிலைபெற்றது என்றும் அறிவிப்பாள்.

இந்தக் கதை பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் என் இரத்த அழுத்தத்தை அளந்த பெண்மணி, "மொத்தத்துல பரவாயில்ல சார். போன மாசத்தோட ஒப்பிட்டா கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு சொல்லக்கூடாது சார், மார்க் போயிடும்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மற்றவை நான் கட்டியவை. (வெளியே 'அவர்' ஆக இருந்தவர் கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டார். பொறுத்தருள்க.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒரு கடற்கரையில் ஒரு நத்தையும் ஒரு நண்டும் இருந்தன. நத்தைக்குச் சொந்த வீடு. நண்டோ காலியான சங்குகளில் ஒண்டிக் காலம் தள்ளுவது. ஒருநாள் நத்தை நண்டைப் பார்த்து

இங்கே நிறுத்திவிட்டேன். நத்தை உபதேசம் செய்யப் புறப்பட்டுவிட்டது. சொந்த வீடு உள்ள பிராணிகளிடம் இந்தத் தொல்லை உண்டு. ஆகவே மனிதர்களிடமே வருகிறேன்.

ஆங்கிலத் தேர்வில் தேறினால் வேலை தருவதாகப் பெரிய மருத்துவமனை ஒன்று செவிலிக்குச் சொல்லியிருந்தது. தேர்வின் எழுத்துப் பகுதியில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். ஏறி இறங்கும் கோடுகள் போட்ட ஒரு வரைபடத்தைக் கொடுத்து விவரிக்கச் சொல்வார்கள். சொந்த வீட்டில் குடியிருப்போர் குறைந்து, வாடகைக்குக் குடியிருப்போர் பெருகியதைக் காட்டும் படம் வந்தது. அவளோ வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள். சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள், விருந்தினர் தங்கினால் முகம் கோணுவார்கள் என்று பத்தி பத்தியாக எழுதித் தள்ளிவிட்டாள்.

தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "படத்துல இருக்கிறத மட்டும் சொல்லும்மா. ஏன், எதுக்குன்னு படத்துக்கே தெரியாது" என்றார். அன்று தொடங்கியதுதான் அந்தப் பழக்கம்.

மறு தேர்வு வரும் சனிக்கிழமை. இதிலும் தவறினால் வேலை வேறொருவருக்கு.

3

ஆசிரியர் பயிற்சிக்காக அதே போன்ற படம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அவள் அதை முன்னறைச் சுவரில் ஒட்டிவைத்தாள். (ஆணி கூடாதல்லவா.) ஒழுகும் குழாயைப் பார்க்க மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரரின் கண்ணில் அது பட்டது.

இந்த வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு நெடுநாள் ஐயம் இருந்தது. முதல் பிரதியில் அவரைக் கொடியவராக்கி, பெரிய மீசையும் வைத்தேன். அவரால் எனக்குப் பயனில்லை. கெட்டவர் கெடுதல் செய்வதில் என்ன கதை இருக்கிறது? மீசையை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன். இப்போது அவர், எல்லோருக்கும் முன்பே தனக்கு விஷயம் தெரிந்துவிட வேண்டும் என்று நினைக்கும் சாதாரண மனிதர்.

"இது என்னம்மா கோடு?"

"மொத்தத்துல, சொந்த வீட்டுல இருக்கிறவங்க குறைஞ்சுகிட்டே வர்றாங்க சார். வாடகைக்கு இருக்கிறவங்க ஏறிக்கிட்டே போறாங்க. கடைசியில ரொம்ப வேகமா."

"ஏன்?"

"அத சொல்லக்கூடாது சார்."

சொல்லக்கூடாது என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரிய இடத்து இரகசியம் ஏதோ கசிந்திருக்கிறது. ஊரே வாடகைக்கு வீடு தேடி அலையப்போகும் வேளையில், பழைய வாடகைக்கு இவர்களை வைத்திருப்பானேன்? மறுநாள் காலையில் அவள் கணவனிடம், மாத முடிவில் வீட்டைக் காலி செய்யும்படி சொன்னார். காரணம் சொல்லவில்லை. வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற பலகை ஏறியது. ஆணி அடித்து.

பிறகு வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடிகாரத்தை எதிரே வைத்து அவள் எழுதிப் பழகும் நேரத்தில், முன்பின் தெரியாதவர்கள் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். ஒரு பெண்மணி அவள் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, சமையலறை எந்தப் பக்கம் என்று விசாரித்தார். எந்தப் பயிற்சியும் பாதியைத் தாண்டவில்லை.

(நேரே போய் ஏன் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் அதே ஆசைதான். 'அவள் விடுவிடுவென்று மாடிப்படி ஏறி...' என்று பலமுறை எழுதிப் பார்த்தேன். பாதிப் படியில் நின்றுவிடுகிறாள். ஏற்கெனவே போகச் சொன்னவரிடம் போய் எதைக் கேட்பது?)

4

காகிதம் முடிந்த இடத்தில் கோடும் முடிந்துவிட்டதுதான் வீட்டுக்காரரை வாட்டியது. அதற்கப்புறம் ஏறுமா, இறங்குமா? படத்தின் மூலையில் இருந்த பயிற்சி நிலையத்தின் பெயரைப் பார்த்துவைத்திருந்தார். நேரே அங்கேயே போய், செவிலி வீட்டுச் சுவரில் கண்ட படத்தைப் பற்றி விசாரித்தார்.

ஆசிரியர் சாவகாசமாகச் சொன்னார்: "அதுவா? நான் போட்டது சார், காபி ஆறுறதுக்குள்ள."

"எந்த நாட்டுக் கணக்கு?"

"எந்த நாடும் இல்ல. ஒண்ணு ஏறணும், ஒண்ணு இறங்கணும். அப்பதானே பிள்ளைங்களுக்கு எழுத ஏதாவது இருக்கும்?"

வந்தவர் யாரென்று அறியாத ஆசிரியர், அந்தச் செவிலி இந்த முறை தேறிவிடுவாள் என்று தாம் நம்பியிருந்ததையும், எவனோ வீட்டுக்காரன் திடீரென்று காலி செய்யச் சொன்னதால் அவள் தடுமாறுவதையும் சொல்லி வருந்தினார். வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ளாமலே வெளியே வந்தார்.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்காரர் கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்கிறார் என்று எழுதினேன். அந்த மனிதருக்கு அது வராது, அடித்துவிட்டேன். வாடகையைப் பாதியாகக் குறைத்தார் என்று எழுதினேன், நீங்கள் நம்பமாட்டீர்கள். அவள் தேறினாளா என்பதை எழுதப்போவதில்லை. அந்த விடைத்தாளை உங்களிடமே தருகிறேன், மனம்போல் மதிப்பெண் இடுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தேர்வுக்கு முந்தைய மாலை மட்டும்தான்.

பலகையைக் கழற்றியாயிற்று. ஆனால் ஏற்கெனவே வரச்சொன்னவர்கள் வருவார்களே. அவள் எழுத உட்கார்ந்ததும், வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பதியர் இருவர் வந்தார்கள். உள்ளிருந்த அவளுக்குச் சன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோமே."

"பாக்கிறதுக்கு என்ன இருக்கு? மழை வந்தா உள்ளயும் வரும். குழாயில தண்ணி வர்றப்பதான் வரும். எல்லாத்துக்கும் மேல, வீட்டுக்காரன் சரியில்ல."

"நீங்க யாரு சார்?"

"வீட்டுக்காரன்தான்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அவர் சன்னல் பக்கம் திரும்பாமலே, "நீ எங்கயும் போக வேணாம்மா. எழுது" என்றார். பிறகு, தெருமுனையில் வீட்டு எண்களைப் படித்தபடி வந்துகொண்டிருந்த இன்னொரு குடும்பத்தைக் கண்டு, அவர்கள் வாசலை நெருங்குமுன் எழுந்து எதிரே நடந்தார்.