கபன் பெட்டியில் சுக்கானி

பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டதும் ருகையா நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இறந்தவரைச் சுற்றி அடக்கும் கபன் துணியை எடுக்கத்தான் உள்ளறைக்கு வந்திருந்தாள். வெளியே கூடத்தில் அவளுடைய வாப்பா போர்வைக்குள் கிடந்தார். விடிகாலை சுபுஹு பாங்கு சொல்லி முடிந்த கையோடு மவுத்தாகிவிட்டார். முப்பது வருடம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டிய மகுதூம் தண்டல், ஒரு மாதமாகக் கட்டிலைவிட்டு இறங்க முடியாமல் மூச்சுக்குத் தவித்து ஓய்ந்திருந்தார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம். முற்றத்தில் குளிப்பாட்டுவதற்கு மறைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மூஸா நெய்னா யாரையோ விரட்டும் சத்தம் கேட்டது. அவருக்கு எதையும் விரட்டாமல் செய்யத் தெரியாது. நடந்தால் ஓட்டம், பேசினால் அதட்டல்.

ருகையா மறுபடி குனிந்து பார்த்தாள். கபன் துணியின் மேல் வாப்பாவின் பூனை சுக்கானி படுத்திருந்தது. வயிற்றோரம் எலிக்குஞ்சு போல இரண்டு குட்டிகள். மடித்துவைத்த வெள்ளைத் துணியில் ரத்தமும் நீரும் ஊறிப் பரவியிருந்தன.

"யா அல்லா," என்றாள்.

அது கடையில் நினைத்தபோது வாங்கும் துணி இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் ஹஜ்ஜுக்குப் போன வாப்பா, மூன்று சுற்றுக்கு அளந்து வாங்கி, மக்காவில் சம்சம் தண்ணீரில் நனைத்து, அங்கேயே வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தது. தன் மவுத்துக்குப் பிறகுதான் அதில் கத்தரி பட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். வருடத்துக்கு ஒருநாள் அதை வெயில் காட்டி, சாம்பிராணி போட்டு, அத்தர் தடவி மடித்துவைப்பது ருகையாவின் வேலை. "கடைசிப் பயணத்துக்குப் பாய்த்துணி. கறை படாமப் பாத்துக்க," என்பார்.

இப்போதோ யுத்த காலம். துணிக்குக் கண்ட்ரோல். கார்டுக்கு இத்தனை கெஜம் என்று அளந்தார்கள், அதுவும் சரக்கு வந்தால் உண்டு. ஏரலிலும் ஆத்தூரிலும் தேடினாலும் ஒரு முழம் கோராத்துணி கிடைக்கவில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவரைத் துவைத்த பழைய வேட்டியில்தான் அடக்கினார்கள். வாப்பா அதைக் கேள்விப்பட்டு, தன் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் காரணம் தான்தான் என்று ருகையாவுக்குத் தெரிந்தே இருந்தது. முந்தின நாள் அந்தியில் வாப்பா துணியை எடுத்து வரச்சொன்னார். மடியில் வைத்ததும் முகர்ந்து பார்த்தார். சுக்கானி வழக்கம்போல அவர் காலடியில் கிடந்தது. கடைசியாகக் கொழும்பிலிருந்து திரும்பியபோது சட்டைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்த தோணிப் பூனை அது. ஆண்தான் என்று அடித்துச் சொல்லி, சுக்கான் பிடிக்கிறவனின் பெயரையும் வைத்துவிட்டார். பிறகு அதற்கு வயிறு தொங்கியபோதும் மனிதர் இறங்கி வரவில்லை. "தின்னு கொழுத்துட்டான்," என்றார். தெருப் பெண்கள் எல்லாரும் சுக்கானிக்கு எத்தனையாவது மாசம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

நேற்று அந்தியில்தான் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சரிதான். இவன் இல்ல, இவ," என்றார். மூச்சு வாங்கியது. "யாரு முந்துதோம்னு பாப்போம்."

துணியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இருமல் கிளம்பிவிட்டது. ருகையா ஓடினாள். மூடியைப் போட்டோமா இல்லையா என்று அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை. விடிகிற நேரத்தில் அவள் வாப்பாவின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, பூனை கத்திக் கத்திக் காலைச் சுற்றியது. முதல் ஈத்து. தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஆள்துணை தேடியிருக்கிறது. அவளுக்கு அது உறைக்கவில்லை. எரிச்சலில் காலாலேயே தள்ளி உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்போது சுக்கானி எழுந்து, சுற்றி, மறுபடி படுத்தது. அப்போதுதான் மூன்றாவது குட்டி கண்ணில் பட்டது. வாலுக்குப் பின்னால், உறை கிழியாமல், ஈரமாக ஓர் உருண்டை. சுக்கானி அதை முகர்ந்தது. பிறகு ருகையாவைப் பார்த்துக் கத்தியது.

முதல் ஈத்துப் பூனையின் குட்டியில் கை பட்டால் தாயே தின்றுவிடும் என்பார்கள். ருகையா அதையெல்லாம் யோசிக்கவில்லை. நகத்தால் உறையைக் கிழித்தாள். மூக்கையும் வாயையும் விரலால் வழித்துவிட்டாள். குட்டி அசையவில்லை. கைக்கு எட்டிய துணி அது ஒன்றுதான். கபனின் ஓரத்தைப் பிடித்துக் குட்டியின் முதுகைத் தேய்த்தாள். விடியற்காலையில் வாப்பாவின் நெஞ்சையும் இப்படித்தான் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கவே அது அடங்கிப்போனது. அதனால் இப்போது கையை நிறுத்தப் பயமாக இருந்தது.

"விடு. மூச்சு விடு," என்று முணுமுணுத்தாள்.

குட்டியின் வாய் திறந்தது. கீச்சென்று ஒரு சத்தம், ஊசி முனை அளவு. ருகையாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாப்பா போனபோதுகூட அப்படி வரவில்லை.

"ருகையா, கபன் எங்க? ஜக்கரிய்யா லெப்பை கேக்குதாங்க." மூஸா நெய்னாவின் குரல் கூடத்திலிருந்து வந்தது.

"கொண்டு வாரேன் காக்கா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது குல்சும் உள்ளே வந்தாள். சின்னம்மா மகள், எதிர்வீட்டுக்காரி. பெட்டியைப் பார்த்தவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"வாப்பாட கபனா இது?"

"மெதுவாப் பேசு."

"அலசிப் போட்டுருவோமா? வெயிலு கொளுத்தத்தானே செய்யுது."

"இழுத்துப் பாரு."

குல்சும் துணியின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தாள். அவ்வளவுதான், சுக்கானி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு ஓடியது. யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் புகுந்து, சுவரோரம் ஓடி, வாப்பாவின் காலடியில் போய் நின்றது. அங்கே இடம் பிடிக்கவில்லை. கட்டிலுக்கடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. குட்டி அதன் வாயில் ஆடிக்கொண்டிருந்தது.

"எலியப் புடிச்சிருக்கு போல," என்றாள் ஓதிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி.

"அந்தச் சனியன யாராச்சும் வெளிய பத்துங்க," என்று மூஸா நெய்னா முற்றத்திலிருந்து கத்தினார்.

யாரும் எழுந்திருப்பதற்குள் அது உள்ளறைக்குத் திரும்பிவிட்டது. குட்டியை அதே துணியில் போட்டது. அதற்குள் மற்ற இரண்டும் குளிரில் நடுங்கத் தொடங்கியிருந்தன. சுக்கானி அவற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு இரண்டு பெண்களையும் முறைத்தது.

"காக்காட்ட உள்ளதச் சொல்லிருவோம்," என்றாள் குல்சும்.

"சொன்னா இத சாக்குல கட்டி ஓடைக்கரையில வீசிருவாங்க. போன வாரமே சொன்னாங்க, குட்டி போட்டா வீட்டுல வச்சிருக்கக் கூடாதுன்னு." ருகையா மூக்கை உறிஞ்சினாள். "வாப்பா போன அன்னைக்கே அவங்க வளத்ததயும் போக்கணுமா?"

"அதுக்கு?"

"கத்தரிய எடு. கறை பட்டது வரைக்கும் அதுக்கு விட்டுருவோம்."

தன் சட்டைக் கையில் உறங்கிய பூனையை எழுப்பாமல், அந்தத் துணியை மட்டும் வெட்டி விட்டுவிட்டு எழுந்த நபியின் பழைய கதையைக் குல்சும் ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நீ துணியப் பிடி," என்றாள் ருகையா.

அடியிலிருந்து மடிப்பு மடிப்பாக உருவினார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் சுக்கானி உறுமியது. பத்து முழம் சுத்தமாக வந்தது. அதற்குமேல் கறை. ருகையா கத்தரியை வைத்தாள். பதினோரு வருடம் கத்தரி படாத துணி கரகரவென்று வெட்டுப்பட்டது. பத்து முழத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு சுற்றுத்தான் ஆகும்.

"ஒண்ணு இருந்தாலே கூடும்னு சொல்லுவாங்களே," என்றாள் குல்சும்.

"வாப்பா மூணு கேட்டாங்க."

கூடத்தில் மறுபடி அதட்டல் கேட்டது. ருகையாவின் பார்வை அறை முழுக்க ஓடிக் கதவோரத்து ஆணியில் போய் நின்றது. அங்கே அவளுடைய வெள்ளைத் துப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் பெண்கள் தலை முதல் கால் வரை துப்பட்டியைச் சுற்றாமல் தெருவைக் கடப்பதில்லை. போன பெருநாளைக்குக் கார்டில் வாங்கியது, ஒன்றே ஒன்று. நேற்றுத்தான் துவைத்து நீலம் போட்டிருந்தாள்.

அவள் அதை எடுத்தபோது குல்சும் கையைப் பிடித்தாள். "ஏளா, அடுத்த துணி எப்ப வருமோ. நீ எப்படித் தெருவுல இறங்குவ?"

"நான் எங்க போகப்போறேன்?"

கபனுக்குத் தையல் ஆகாது. இரண்டு பேரும் இரண்டு பக்கமாக உட்கார்ந்து கரையில் இருந்த தையலைப் பிரித்தார்கள். அவசரத்தில் நூல் இரண்டு இடத்தில் அறுந்தது. அத்தர் குப்பியில் மிச்சமிருந்ததை மூன்று துணியிலும் தடவினாள். துப்பட்டியை நடுவில் வைத்து மடித்துக் கதவு வழியாக நீட்டினாள். மூஸா நெய்னா பறித்துக்கொண்டு போனார்.

குளிப்பாட்டி முடித்துத் துணிகளை விரிக்கும்போது அவள் திரைக்குப் பின்னால் நின்றாள். உட்காரவும் முடியவில்லை, ஓதவும் முடியவில்லை. அடக்கச் சடங்குக்கு வந்த ஜக்கரிய்யா லெப்பை முதல் துணியை விரித்தார். இரண்டாவதை உதறினார். அவர் விரல் அதன் ஓரத்தில் ஓடி, ஊசித் துளைகள் வரிசையாக இருந்த இடத்தில் நின்றது.

"என்ன லெப்பை?" என்றார் மூஸா நெய்னா.

லெப்பை ஒருமுறை திரைப்பக்கம் பார்த்தார். ருகையா திரையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. இது நல்லா மெத்துனு இருக்கு. இது உடம்ப ஒட்டிக் கெடக்கட்டும்," என்றார். கையிலிருந்ததை ஒதுக்கி வைத்து மூன்றாவது துணியை விரித்துவிட்டு, அந்த மெத்துத் துணியை எல்லாவற்றுக்கும் மேலாகப் போட்டார்.

முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டபோது அவள் குனிந்தாள். வாப்பாவின் காதோரம் துணியில் நீலம் திட்டாகப் படிந்திருந்தது. நேற்று சரியாகக் கலக்காமல் முக்கியதால் வந்தது. அவள் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தோளைத் தொட்டு விலக்கினார்கள். துணி மூடப்பட்டது. வாப்பாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனபிறகு வீட்டில் அத்தர் வாசனையும் ஈரத்தரையும்தான் மிஞ்சின.

அதற்குப் பிறகும் அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கூட்டிய தரையையே மறுபடி கூட்டினாள். வாப்பாவின் கட்டிலைச் சுவரோரம் தள்ளினாள், திரும்ப இழுத்துப்போட்டாள். கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தாள். மூன்றாவது குட்டி மட்டும் முலையைத் தேடத் தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். சுக்கானி சீறவில்லை. அவள் விரலையும் குட்டியையும் சேர்த்தே நக்கியது.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மூஸா நெய்னா வந்தார். கணுக்கால் வரை மண். வெறுங்கட்டிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து கீச் சத்தம் வந்ததும் தலையை நிமிர்த்தினார். எழுந்து உள்ளே போனார். ருகையா பின்னாலேயே ஓடினாள்.

அவர் பெட்டிக்கு முன் நின்றார்.

"எத்தன?"

"மூணு காக்கா."

"இது வாப்பாட கபனு."

"கறை பட்டத மட்டுந்தான் வெட்டினேன்." அவள் பெட்டியின் மூடியைக் காட்டினாள். "நான்தான் மூடாம விட்டேன். எல்லாம் என்னாலதான்."

"அப்ப மூணாவது துணி?"

சுக்கானி பெட்டியின் விளிம்பில் முன்னங்காலை வைத்து எழுந்து அவளைப் பார்த்துக் கத்தியது. நேற்றிலிருந்து அது ஒன்றும் தின்னவில்லை. மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. குல்சும் வீட்டில் ஆடு கறக்கிற நேரம் இது. அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை கிடைத்ததே என்று ருகையா கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். கதவோரம் போனதும் பழக்கத்தில் கை ஆணிக்குப் போனது.

ஆணியில் ஒன்றுமில்லை. கை அங்கேயே நின்றது.

மூஸா நெய்னா ஆணியைப் பார்த்தார். கீழே தரையில் கிடந்த, பிரித்தெடுத்த வெள்ளை நூலைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

ருகையா கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் குல்சும் கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தாள், விளிம்புவரை. மூஸா நெய்னா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தளும்பிவிடாமல், பாலையே பார்த்தபடி, தெருவை மெல்ல மெல்லக் கடந்து வந்துகொண்டிருந்தார்.