டிக்கியில் எத்தனை தட்டு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் கத்தோகோ மாமா. நக்கூரு ஊரில் எங்கள் தெருக்கோடியில் அவர் வீடு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஈஸ்டர் ராலி கார் பந்தயத்தில், வழி சொல்ல என் அப்பா முரீத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார் ஓட்டியவர். அப்பா செத்த கதையைத்தான் எழுதச் சொன்னார்.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது.' [அடித்துவிட்டேன். ஈஸ்டரில் இங்கே மழை பெய்யாமல் வேறென்ன செய்யும்?]

இரண்டாவது: 'அது ஆயிரத்து இருநூறு சிசி ஜப்பான் கார். டீச்சர்கள் சந்தைக்கு ஓட்டிப் போவது. பெரிய கார்க்காரர்கள் அதைத் தையல் மெஷின் என்றார்கள். மூன்றாம் நாள் பெரிய கார்கள் மாவ் மலைச் சேற்றில் புதைந்து நிற்க, தையல் மெஷின் தைத்துக்கொண்டே போனது.'

(இங்கேயே முடித்தால் ஏதாவது விழாவில் வாசிக்கலாம்.)

3

சேற்று மேட்டில் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு வேண்டும். வழி சொல்பவர் இறங்கிப் பின்பம்பரில் ஏறி நின்று குதிப்பார். பிடித்துக்கொள்ள டிக்கியில் இரண்டு கைப்பிடிகள் வைத்திருந்தார்கள். டிக்கியில் ஒரு தட்டு தட்டினால் 'போ'. இரண்டு தட்டினால் 'நிறுத்து'. மேட்டில் நிறுத்திய கார் மறுபடி கிளம்பாது.

உச்சிக்கு நாற்பது அடி இருக்கையில் அப்பா தட்டினார். கார் நிற்கவில்லை. அப்பா விழுந்தார், பாறையில் வயிறு மோதியது.*

* உச்சியில் கார் காத்திருந்தது. அப்பா நடந்துவந்து ஏறிக்கொண்டு, "போடா, நேரமாவுது" என்றார். நைரோபி வரை ஆறு மணி நேரம் வழிக்குறிப்பு வாசித்தார். ஒரு வளைவைக்கூட விடவில்லை. சின்னக் கார்களில் முதலிடம். செவ்வாய்க்கிழமை இறந்தார். இதை ஏன் அடிக்குறிப்பில் போட்டேன் என்று கேட்காதீர்கள். மேலே கதைக்குள் எழுத முடியவில்லை.

4

எத்தனை தட்டு என்று மாமாவைக் கேட்டேன். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"ரெண்டும்மா. ரெண்டும் நல்லாத்தான் கேட்டுச்சு. நாப்பது அடிதானேன்னு நெனச்சேன்."

அப்பா எதுவும் கேட்கவில்லையா என்றேன்.

"ஆறு மணி நேரம் பக்கத்துலயே இருந்தான். எடது, வலது, பள்ளம், அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பேன்."

பிறகு மெதுவாக, "கதைதானேம்மா. ஒரு தட்டுன்னு எழுதேன்" என்றார்.

5

'இரண்டு' என்று எழுதி அடித்தேன். 'ஒன்று' என்று எழுதி அதையும் அடித்தேன். மாமா அன்றைக்கு நிறுத்தியிருந்தால் அப்பா என் கல்யாணத்துக்கு [வேண்டாம்]. அப்பாவாவது நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாம். போடா என்றார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை எந்தக் கதையில் எழுதுவது?

6

மாமாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. இது அச்சானதும் யாரையாவது உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். என்னால் ஆகாது. நீங்கள் போங்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, கீழேயுள்ள ஒரே வரியை வாசியுங்கள். அவருக்கு அது போதும். அதில் ஓரிடம் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே வரும்போது அவர் குவளையைக் கீழே வைத்துவிடுவார். முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

'உச்சிக்கு நாற்பது அடி இருக்கையில் முரீத்தி டிக்கியில் ............ தட்டு தட்டினார்.'