அனுப்பி வைத்த மாணவி

பேராசிரியர் சிற்றம்பலத்துக்கு ஒரு பெருமை. தன் வகுப்பில் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பார். வராதுதான். கேள்வி பாதியில் நிற்கும்போதே முழுப் பதிலையும் சொல்லி முடித்துவிடுவார். பிறகு எந்த மாணவன் வாய் திறப்பான்?

வன்னிக் குளங்களை அவரைப் போல அறிந்தவர் பல்கலைக்கழகத்தில் வேறு எவரும் இல்லை. எந்தக் குளம் எங்கே வடிகிறது, எந்த வயல் எப்போது கெட்டது, எல்லாம் விரல் நுனியில். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு மாணவன்கூட அவரிடம் ஆய்வுக்கு வந்து நிலைத்ததில்லை. இந்த முறை விமலேஸ்வரி வருவாள் என்று நம்பியிருந்தார். புவியியல் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். அவள் வந்தால் தன் குளங்கள் தனக்குப் பின்னும் பேசப்படும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

குறுக்கே வந்தவன் மரியநேசன். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அதே துறையில் விரிவுரையாளராகி இரண்டு வருஷந்தான்.

1962 ஆவணியில் இருவரும் மாணவர்களை இரண்டு கூட்டமாகக் கனகராயன்குளத்துக்கு வெளிக்கள வேலைக்கு அழைத்து வந்திருந்தார்கள். குளத்துக்குக் கீழே ஒரு வயல்துண்டு மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஏன் என்று கேட்ட தன் மாணவர்களுக்குச் சிற்றம்பலம் குளக்கட்டில் நின்றபடியே விளக்கிவிட்டார்: உவர், கசிவு நீர், வடிகால் இல்லை. எழுதிக்கொண்டார்கள். மர நிழலில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்கள்.

கீழே மரியநேசனின் கூட்டத்தில் ஒரே சத்தம். அதே கேள்விக்கு அவன், "எனக்குத் தெரியேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்? கிண்டிப் பாப்பமே?" என்று சொல்லிவிட்டு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கியிருந்தான். ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். ஒருத்தன் மண்ணை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான். விமலேஸ்வரி எப்போது அங்கே நழுவினாளோ, இடுப்பளவு குழிக்குள் நின்று மரியநேசனை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப் பேசுவாள் என்பதே சிற்றம்பலத்துக்கு இன்றைக்குத்தான் தெரியும். வயிறு பற்றி எரிந்தது.

மத்தியானம் அவளைத் தனியே கூப்பிட்டார். "மரியநேசன் நல்ல பொடியன்தான். ஆனா பிள்ளை, எதைக் கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லுற ஆளிட்டை நீர் என்னத்தைப் படிக்கப் போறீர்?"

சொல்லி முடித்ததும் கொஞ்சம் கூச்சமாயிருந்தது. கொஞ்சந்தான்.

பின்னேரம் அவளே தேடி வந்தாள். "சேர், நான் உங்களிட்டையே ஆய்வு செய்யப் போறன்."

சிற்றம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லா யோசிச்சுத்தான் முடிவெடுத்திருக்கிறீர்."

"மரியநேசன் சேரிட்டைத்தான் முதலிலை கேட்டனான். அவர்தான், 'குளத்தைப் படிக்க விருப்பமெண்டால் சிற்றம்பலம் சேரிட்டைப் போங்கோ, என்னோடை நிண்டா உங்களுக்குத்தான் நட்டம்' எண்டவர்."

"நான் மத்தியானம் சொன்னதை அவருக்குச் சொன்னீரோ?"

"ஓம் சேர். சிரிச்சவர். 'சேர் சொன்னது சரிதானே' எண்டவர்."

வென்றுவிட்டோம் என்று நினைத்த சிற்றம்பலத்துக்குப் பிச்சை வாங்கியது போலாகிவிட்டது. தன் கையில் இப்படியொரு பிள்ளை இருந்தால் இன்னொருவரிடம் அனுப்பியிருப்பாரா? செத்தாலும் மாட்டார். அது தனக்கே தெரிந்ததுதான் இன்னும் எரிந்தது. மாணவர்கள் அவனைச் சுற்றுவதைப் பார்த்து வந்த பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. இப்போது அவனுடைய மனசைப் பார்த்தே பொறாமை வந்தது.

விமலேஸ்வரி தயங்கினாள். "இடைக்கிடை அவரோடையும் போய்க் கதைக்கலாமோ, சேர்? உங்களிட்டைப் படிக்கிறதை அவரோடை வாதாடிப் பாத்தா எனக்கு இன்னும் நல்லா விளங்கும்."

ஓம் என்று ஒரு சொல் போதும். நாக்குவரை வந்தது.

"தேவையில்லை," என்றார்.

"சரி சேர்" என்று அவள் போய்விட்டாள். 'தேவையில்லை' என்ற அந்த ஒரு சொல்லோடு, முன்பு வந்து நிலைக்காதவர்களைப் போல இவளையும் இழந்துவிட்டோம் என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியது. கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். கூப்பிடவில்லை.