நிற்காத ஊசி

விடியற்காலைச் சுபஹு தொழுத கையோடு மெசினுக்கு முன்னால் வந்து குந்திவிடுவோம். நோன்பு மாதத்தில் அதுதான் வழமை. வெயில் ஏறினால் தொண்டை வறண்டுவிடும், அதற்குள் பாதி வேலையையாவது முடித்தாக வேண்டும். சாய்ந்தமருதில் எங்கள் முதலாளி றஸாக் காக்காவின் அபாயா அங்கி தைக்கும் கூடம் இது. ஆறு ஊசித் தலைகள் கொண்ட பூவேலை மெசினில் நதீரா, பரீனா, பாண்டிருப்பிலிருந்து வரும் கேசினி, நான் றாஹிலா என்று நாலு பேர். அறை முழுக்க எண்ணெய் மணம், கறுப்புத் துணியின் தூசு, காதை அடைக்கும் தடதடப்பு.

மெசினுக்குக் கட்டளை கொடுப்பது ஒரு கம்பியூட்டர். ஒரு நிறம் முடிந்ததும் ஊசிகள் நிற்கும். கையை உள்ளே விட்டு நூல் நுனிகளை வெட்டுவோம். பொத்தானைத் தட்டினால்தான் அடுத்த நிறம் தொடங்கும். வருடக் கணக்கில் இப்படியே பழகிவிட்டோம். சத்தம் அடங்கினால் கை தானாக உள்ளே போகும், கண் கூடப் பார்க்காது.

நாட்டில் சண்டை முடிந்து கொழும்புக்குச் சாமான் போகத் தொடங்கியதும் காக்காவுக்கு ஓடர் குவிந்தது. பழைய கம்பியூட்டரைக் கல்முனையில் ஒரு கடைக்குக் கொடுத்துப் புதிதாக ஒன்றை மாற்றி எடுத்து வந்தார். சிஸ்டமும் புதுசு. வந்த நாளிலிருந்து கரைச்சல்தான். மெசினின் அகலமான வயரைச் செருக அதில் இடமே இல்லை, நடுவில் ஒரு குட்டி வயர் மாட்டினார்கள். பழைய புரோகிராம் புது சிஸ்டத்தில் ஏறவே இல்லை. கடைக்காரர் வேறொன்றை ஏற்றிவிட்டு, எல்லா டிசைனையும் இது திறக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திறக்கத்தான் செய்தது. ஆனால் நிறம் மாறும் இடத்தில் மெசின் சில நேரம் நிற்கும், சில நேரம் நின்றமாதிரிக் காட்டிவிட்டுத் தன்பாட்டில் ஓடும். காக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னோம். பெருநாள் முடியட்டும் என்று ஒரே பாட்டு.

இன்று காலை சத்தம் அடங்கியது. நதீராவின் கை வழமைபோல் உள்ளே போனது. ஊசி மறுபடி இறங்கி அவளது சுட்டுவிரலைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்தேன். பரீனா அவளை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

காக்கா வந்ததும் முதலில் துணியைத்தான் பார்த்தார், பாவி மனுசன்.

"கவனமில்லாமக் கைய விட்டா மெசின் என்ன செய்யும்? நதீரா இனி வரத் தேவல்ல. வேற புள்ளையப் பாக்கிறன்."

சுனாமிக் கடல் ஊருக்குள் வந்த அன்று புருசனைப் பறிகொடுத்தவள் நதீரா. அவள் பிள்ளைகளுக்கு இந்த மெசினை விட்டால் சோறு இல்லை.

"காக்கா, மெசினும் கம்பியூட்டரும் ஒத்து வரல்ல எண்டு நாங்க சொன்னமா இல்லையா?" என்றேன். "பழசக் கொண்டுவந்து பூட்டுங்க. நதீராவும் வரணும்."

உலகமே புதுசுக்கு மாறிவிட்டது, நீங்கள்தான் பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று கத்தினார். புதுசை நாங்கள் வேண்டாம் என்றோமா? மெசினோடு சேருமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கியது யார்?

சத்தம் கேட்டுப் பக்கத்து அறையில் தைக்கிற பெண்களும் எழும்பி வந்தார்கள். விசயம் தெரிந்ததும் ஒருவரும் தங்கள் இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த நேரம் பரீனாவும் வந்து சேர்ந்தாள். எலும்பில் ஊசி முறிந்திருக்கிறதாம், விரலைக் கீறித்தான் அந்தத் துண்டை எடுக்க வேண்டுமாம். காக்கா குரலைத் தாழ்த்தி, ஓடர் நாளை மறுநாள் போகவேண்டும், யாராவது பொத்தானைத் தட்டுங்கள் என்றார்.

கேசினி அதிகம் கதைக்காதவள். அவள்தான் மெசினுக்குக் கிட்டப் போனாள்.

"நான் தட்டுறன் முதலாளி. அவள் கை வெச்ச இடத்தில நீங்க உங்கட கைய வைங்க."

காக்கா ஊசிகளைப் பார்த்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனை எடுத்தபடி வெளியே போய்விட்டார். பழைய கம்பியூட்டரைக் கேட்கப் போனாரா, வேறு ஆள் தேடப் போனாரா, எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நதீராவின் ஸ்டூலை நடுவில் விட்டுச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். நாளைக்கும் வருவோம். அவள் இல்லாமல் இந்தப் பொத்தானை ஒருத்தியும் தட்டமாட்டாள்.