டாங்கில் ஊற்றாத மருந்து

வடக்கு டகோட்டாவில், கனடா எல்லைக்கு நாற்பது மைல் தெற்கே, ஆரின் ஸ்டென்ரூட்டின் லாரி ஷெட்டில் பதினோரு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். அவரிடம் ஏழு லாரிகள். எல்லாமே பன்றிக்குட்டி ஏற்றுகிற வண்டிகள். கனடாவிலுள்ள மானிடோபா பண்ணைகளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை ஏற்றி அயோவாவில் கொண்டுபோய் இறக்க வேண்டும். குளிர்காலத்தில் டிரெய்லருக்குள் சூடு போய்க்கொண்டே இருக்கவேண்டும். வண்டி நின்றால் சூடும் நின்றுவிடும்.

நான்காம் நம்பர் வண்டியை ஓட்டியவன் டெல்மர் கெஸ்ஸல். என்னைவிட இரண்டு வயது பெரியவன். பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க நாங்கள் சேர்ந்துதான் போவோம். அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அக்டோபர் பிறந்தால் ஏப்ரல் வரை, டீசல் போடுவதற்கு முன்னால் டாங்கில் ஒரு மருந்து ஊற்றுவான். டீசல் குளிரில் மெழுகு மாதிரி கட்டிக்கொள்ளாமல் இருக்க ஊற்றுவது. அவன் கைக்காசில் வாங்கியது.

மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். "டெல்மர், வண்டிக்கு ஞானஸ்நானம் முடிஞ்சுதா?" என்பார்கள்.

"சிரிங்கடா. ரோட்ல நின்னா எனக்குத்தான போன் பண்ணுவீங்க," என்பான் அவன்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் நான்காம் நம்பரின் இன்ஜெக்டர்கள், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் குழல்கள், போயின. ஒன்றல்ல, ஆறும். கழற்றிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. முனையெல்லாம் துரு. டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. எங்கள் யார்டில் ஒரு பெரிய டீசல் டாங்கு உண்டு. அதன் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்துவிடுவதும், பம்பின் ஃபில்டரை மாற்றுவதும் என் வேலை. ஜூனுக்குப் பிறகு நான் அதைத் தொடவே இல்லை. கோடையில் வேலை அதிகம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தே போனேன்.

ஆரின் ஷெட்டுக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"என்னய்யா ஆச்சு, வெண்டெல்?"

பெஞ்சின் மேல் டெல்மர் விட்டுப்போன வெள்ளை பாட்டில் ஒன்று இருந்தது. என் கண் அதில் பட்டது.

"டெல்மர் ஊத்துற மருந்துதான் அரிச்சிருக்கும்னு நினைக்கிறேன்," என்றேன்.

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியும்."

ஒரே வார்த்தைதான். சொல்லும்போது அது அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. டெல்மர் இருபது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவன், இரண்டு திட்டு வாங்குவான், அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் டிரைவர்கள் நேரம் குறிக்கிற பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாரும் எந்த மருந்தும் டாங்கில் ஊற்றக்கூடாது, மீறினால் வேலை கிடையாது, கீழே ஆரினின் கையெழுத்து.

டெல்மர் நேராக என்னிடம் வந்தான். கோபமாக வருவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் கவலைதான் இருந்தது.

"உண்மையாவே என்னாலதான் போச்சாடா?"

"சில மருந்துல சாராயச் சத்து இருக்கு, டெல்மர். இப்ப வர்ற இன்ஜினுக்கு அது ஒத்துக்காது."

"பதினெட்டு வருசமா ஊத்துறேன்டா."

"அது பழைய இன்ஜின்."

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். பிறகு வண்டியிலிருந்த ஒன்பது பாட்டிலையும் கொண்டுவந்து என் பெஞ்சின் அடியில் அடுக்கிவிட்டுப் போனான்.  அவன் திட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

யார்டு டாங்கின் தண்ணீரை அன்று மாலையே திறந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருக்கவேண்டியது. ஆனால் ஆரின் அந்த வருடம் சீக்கிரம் கட்டிக்கொள்ளாத குளிர்கால டீசலை வாங்கத் தாமதம் செய்தார். கோடை டீசல் பாதி டாங்கு மிச்சமிருந்தது, அது தீரட்டும் என்றார். "வேணும்னா கொஞ்சம் மருந்து கலந்துக்கலாமே," என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த வாயால் சொல்வது?

டிசம்பர் வரை குளிர் அவ்வளவாக இல்லை. ஜனவரி இரண்டாம் வாரம் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்குப் போனது. டெல்மர் எங்கள் யார்டில் டீசல் போட்டுக்கொண்டு வடக்கே போய் ஆயிரத்து எண்ணூறு குட்டிகளை ஏற்றினான். எல்லை தாண்டி இருபது மைல் வந்ததும் வண்டி இழுக்கவில்லை. பிறகு நின்றது. அப்போது காலை பத்து மணி.

எனக்குப் போன் செய்தான். "டீசல் கட்டிக்கிச்சு, வெண்டெல். ஃபில்டர் மாத்திப் பாக்குறேன். நீ கிளம்பு."

"நான் வர்ற வரைக்கும் வண்டிக்குள்ளயே இரு. எதையும் தொடாத."

"பின்னாடி கத்துதுங்கடா," என்றான். போனை வைத்துவிட்டான்.

சாதாரண நாளில் அந்த இடத்துக்கு அரைமணி நேரம். அன்று காற்று பனியை ரோட்டின் குறுக்கே அடித்துக்கொண்டிருந்தது. வண்டியின் மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. நான் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டெல்மர் கேபினில் உட்கார்ந்திருந்தான். ஃபில்டரைக் கழற்றும்போது டீசல் கையுறைக்குள் ஊறியிருக்கிறது. அந்தக் குளிரில் டீசலிலுள்ள மெழுகு மட்டும்தான் கட்டிக்கொண்டு ஃபில்டரை அடைக்கும், மீதி உறையாது. திரவமாகவே இருந்து, பட்ட இடத்தை விறைக்க வைத்துவிடும். அவன் வலது கை மெழுகு பொம்மையின் கைபோல வெள்ளையாக இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லடா. அதான் பயமா இருக்கு."

டிரெய்லரில் சத்தம் குறைந்திருந்தது. குட்டிகள் சூட்டுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறியதில், அடியில் இருந்தவை மூச்சுமுட்டியும் மேலே இருந்தவை விறைத்தும் செத்துக்கொண்டிருந்தன. நான் டெல்மரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். வழி முழுக்க அவன் குட்டிகளைப் பற்றித்தான் பேசினான். மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று விரல்களை எடுத்தார்கள். வேறு வண்டி போய் மீட்பதற்குள் குட்டிகளில் பாதிக்குமேல் போயின.

டெல்மர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஆரின் அவனை வேலையிலிருந்து நீக்கினார். "இருவது வருச அனுபவம் இருக்குறவன், முப்பது டிகிரிக்கு மருந்து ஊத்தாமயா கிளம்புவான்? மூளை வேணாம்?" என்று ஆபீசில் எல்லார் முன்னாலும் சொன்னார். பலகையிலிருந்த தாள் காணாமல் போயிருந்தது.

அன்று நான் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தண்ணீர், துரு, ஜூன் மாதம், எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"துருவைப் பாத்தா எனக்கும் தெரியாதா? என் யார்டு டீசல்ல தண்ணின்னு வெளிய போனா இன்சூரன்ஸ்காரன் சும்மா விடுவானா? நீ டெல்மர் பேரைச் சொன்ன. எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. போய் வேலையப் பாரு."

"அவனைத் திரும்பக் கூப்பிடுங்க."

"ரெண்டு விரலை வெச்சிக்கிட்டு என்ன ஓட்டுவான்?"

நான் வேலையை விட்டுவிட்டுக் கதவை அறைந்து சாத்தியிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. எனக்கு வீட்டுக்கடன் இருந்தது. ஷெட்டுக்குத் திரும்பிப் போய் ஆறாம் நம்பருக்கு பிரேக் மாற்றினேன்.

மார்ச் மாதம் டெல்மரின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆர்லிஸ் கதவைத் திறந்தாள். மாவு உருண்டை போட்ட நெஃப்லா சூப் கொதிக்கிற வாசனை வந்தது. என்னை உட்காரச் சொல்லி ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தாள். அவன் இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். சட்டையில் சிந்தியிருந்தது. நான் கிண்ணத்தைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆர்லிஸ் எழுந்து என் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து, சூப்பைப் பானையில் திரும்ப ஊற்றினாள்.

டெல்மர் ஒரு வாய் சூப் குடித்தான். பிறகு கேட்டான்: "இத ஏன்டா இப்ப வந்து சொல்ற?"

"உனக்குத் தெரியணும்னு."

"எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? நான் இத்தனை நாள் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். ஃபில்டரை நிதானமாக் கழட்டியிருக்கலாம், கையுறையை மாத்தியிருக்கலாம்னு. அதுகூட ஒரு விதத்துல தாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு." கரண்டியைக் கீழே வைத்தான். "உனக்கு மனசு கனக்குதுன்னு இங்க வந்து இறக்கிட்டுப் போற. நான் லோடு ஏத்துறத விட்டாச்சு, வெண்டெல். எடுத்துக்கிட்டுப் போ."

அவர்கள் ஆரின்மேல் கோர்ட்டுக்குப் போனால் நான் சாட்சி சொல்வதாகச் சொன்னேன். "யார் பேச்சை நம்பி?" என்றாள் ஆர்லிஸ்.

அவர்கள் வழக்குப் போடவில்லை. டெல்மர் இப்போது தானியக் கிடங்கில் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறான், இடது கையால். லாரியை எடைபோட நான் அங்கே போக வேண்டிவந்தால் ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவான். நம்பரை மட்டும் சத்தமாகச் சொல்லுவான். அடுத்த வண்டியைக் கூப்பிடுவான்.