பெருங்காய டப்பா

வீரையாவுக்கு நான் தர வேண்டியது நாற்பத்தாறாயிரத்து முந்நூறு ரூபாய். போடியிலிருந்து எங்களை ஜீப்பில் ஏற்றி ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோகிற கங்காணி அவர். மகள் கார்த்திகாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வாங்கிய கடன் அது.

நிற்காத வயிற்றுப்போக்கு. கால் மடங்கி, விரல்கள் கோணிக்கொண்டு கிடந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பிரெட்டும் ரஸ்க்கும் கொண்டுவந்தார்கள். நான்தான் பாலில் நனைத்து ஊட்டினேன். பிறகுதான் டாக்டரம்மா கண்டுபிடித்தார், அவள் குடலுக்குக் கோதுமையே ஆகாது என்று. டிரிப்பில் சத்து ஏற்றி, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து உயிரை மீட்டார்கள். என்னென்ன ஆகாது என்று ஒரு தாள் தந்தார்கள். முழுக்க இங்கிலீஷ்.

வீட்டில் கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் ஒழித்தேன். சோறும் மோரும்தான். இரண்டு மாதமாகியும் போக்கு நிற்கவில்லை. திரும்பப் போனோம். அன்றைக்கு இருந்த சின்ன டாக்டர் முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை.

"இப்படியே போனா குடல்ல புண்ணு வரும், புத்துநோய்கூட வரலாம். ஒளிச்சுத் திங்கிறாளா?"

வீட்டுக்கு வந்து, ஒளித்துத் தின்றாயா என்று தெருவே கேட்கக் கத்தி மகளை அறைந்தேன். எலும்பும் தோலுமாக இருந்தவளை.

மறுநாள் ஜீப்பில் வீரையா கேட்டார்: "என்னத்தா ஒச்சம்மா, ஒம் மக ஒளிச்சுப் பரோட்டா திங்கிறாளாமே? எங் காசுல?" ஜீப்பே சிரித்தது.

அன்று சாயங்காலம் வயிற்றுக்கு நல்லது என்று வழக்கம்போல மோரில் பெருங்காயம் போடப் போனேன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவள் நான். டப்பாவைத் திருப்பிக் கூட்டிப் படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு. மூன்று வேளையும் நானே மருந்தென்று கொடுத்திருக்கிறேன். டப்பாவைச் சாக்கடையில் வீசினேன்.

"நாந்தான் திங்கலன்னு சொன்னேன்லம்மா" என்றாள் கார்த்திகா.

ஒரு மாதத்தில் போக்கு நின்றது. கேமரா விட்டுப் பார்த்துக் குடல் தேறுகிறது என்றார்கள்.

காதுத் தோட்டை விற்றேன். ஒன்பது மாதக் கூலியைக் கட்டினேன். கடைசியாக ஐந்நூறு ரூபாய் நின்றது.

"அதை விட்டுர்றேன்த்தா. பிள்ளைக்குப் பழம் வாங்கிக் குடு" என்றார் வீரையா. போடியில் ஜீப்பு புறப்பட நின்றிருந்தது, எல்லாரும் உள்ளே.

"ஓசி வேண்டாம்ணே. எம் மக ஒளிச்சுத் திங்கலன்னு இவங்க கேக்கச் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்கிக்கங்க."

"வெரசா ஏறுத்தா, சோலி கெடக்கு."

ஐந்நூறு ரூபாயை நீட்டியபடி ஏறாமல் நின்றேன். டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

"பிள்ளை திங்கல. நான் பேசுனது தப்பு" என்றார் தரையைப் பார்த்து.

ஐந்நூறைக் கொடுத்தேன். கடன் கணக்கு நோட்டில் என் பேரை அவர் அடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.