எத்தனை ஆம்பியர்?

“வீட்டுல எத்தனை ஆம்பியர், அக்கா?” என்று கேட்டான் வாயெல்.

திரிபோலியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் ஒரு திருகாணிகூட விற்க மாட்டார்கள். லெபனானில் அரசாங்க மின்சாரம் நாளுக்கு இரண்டு மணி நேரம், அதுவும் அதற்கு மனம் வந்தபோதுதான். மற்ற நேரமெல்லாம் தெரு ஜெனரேட்டர். எத்தனை ஆம்பியருக்கு மாதச் சந்தா கட்டுகிறோமோ அவ்வளவுதான் வீட்டுக்கு வரும். அதற்கு மேல் இழுத்தால் பிரேக்கர் விழுந்துவிடும்.

“அஞ்சு” என்றாள் லமியா, யோசிக்காமல். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஐந்துதான்.

“அப்போ பொழைச்சீங்க” என்று வாயெல் அவள் சுமந்து வந்திருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினான். உள்ளே குனிந்து பார்த்தவன், இறந்தவரைப் பார்த்ததுபோல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். “இந்த கிராபிக்ஸ் கார்டு எங்க தாத்தாவோட ஸ்கூல்ல படிச்சிருக்கும். இதுலயா இவ்வளவு நாள் விளையாடினீங்க?”

“ஓடிச்சு. போன மாசம் வரைக்கும் ஓடிச்சு. இப்போ அந்த விளையாட்டைப் புதுசா மாத்திட்டாங்க. திறந்தா, உன் கார்டு போதாதுன்னு எழுதிக் காட்டுது.”

“பையனுக்கா?”

“எனக்கு” என்றாள் லமியா. “எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்.”

வாயெல் தலையை நிமிர்த்தி ஒரு முறை பார்த்தான். 

அவள் கணவன் நிசார் ஆப்பிரிக்காவுக்கு, அபிஜானுக்குப் போய்ப் பதினான்கு மாதங்களாகிவிட்டன. அங்கே ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பிளாஸ்டிக் கடையில் கணக்கு வேலை. தொலைபேசியில் பேசினால் அம்மாவின் முழங்கால், வாடகை, தண்ணீர்த் தொட்டி இவற்றோடு பேச்சு தீர்ந்துவிடும். அந்த விளையாட்டில்தான் அவன் பழைய நிசாராக இருந்தான். இருவரும் ஆளுக்கொரு லாரி ஓட்டிக்கொண்டு, மலைப்பாதையில் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் காதில் மாட்டிய கருவியில் அவன் பாடுவான், அவள் ஓட்டுவதைத் திட்டுவான், சிரிப்பான். தினமும் மாலை ஏழு மணியிலிருந்து எட்டு வரை அவளுக்குப் புருஷன் இருந்தான்.

விளையாட்டு நின்ற முதல் வாரத்தில் தொலைபேசி அழைப்பு பதினைந்து நிமிடம் நீடித்தது. இந்த வாரம் நான்கு நிமிடம். “கார்டு வாங்கிடறேன்” என்று அவள் சொன்னபோதெல்லாம், “வேண்டாம், விடு லமியா. எதுக்கு அதெல்லாம்” என்றான். எதற்கும் இரண்டு பங்கு வாதாடுகிறவன், இதை மட்டும் இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டானே என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை. அபிஜானில் யார் யாரோடு பேசுகிறானோ, யாருக்குப் பாடுகிறானோ.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துச் சேர்த்த நூற்று முப்பது டாலர் அவள் கைப்பையில் இருந்தது.

“இந்தப் பணத்துக்கு ரெண்டு வழி இருக்கு” என்று வாயெல் இரண்டு கார்டுகளை மேசைமேல் வைத்தான். “சின்னது புதுசு. சாதுவானது. கரண்டே குடிக்காது. ஆனா உங்க விளையாட்டைப் பார்த்தா மயங்கி விழுந்துடும். பெரியது பழசு. டிஜிட்டல் காசு தோண்டறவங்க கிட்ட ரெண்டு வருஷம் ராத்திரி பகலா உழைச்சிட்டு வந்திருக்கு. உங்க விளையாட்டைத் தூக்கிட்டு ஓடும். ஆனா பசிக்காரன். பவர் சப்ளையும் மாத்தணும்.”

“பழசு கெட்டுப் போனா?”

“கெட்டுப் போனா ரெண்டு பேரும் சேர்ந்து அழலாம். வித்த பழைய சாமானைத் திருப்பி வாங்கற வழக்கம் இந்த மார்க்கெட்ல யாருக்கும் இல்ல, அக்கா. முன்னாடியே சொல்லிடறேன்.”

லமியா பெரிய கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டு விசிறிகள், ஒன்றின் ஓரத்தில் தூசி அப்பியிருந்தது. செங்கல் கனம். ஐந்து ஆம்பியர் இருக்கும்போது பசிக்காரனைக் கண்டு என்ன பயம்?

“இதையே போடுங்க” என்றாள்.

* * *

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பங்கு டாக்சியில் நான்கு பேரோடு நெருக்கியடித்து அவள் துறைமுகப் பகுதியான மீனாவில் இறங்கி, மூன்று மாடி ஏறி வீடு சேர்ந்தபோது மணி ஆறரை. மாமியார், ஊரார் ‘நிசாரின் அம்மா’ என்ற பொருளில் உம் நிசார் என்றழைப்பவள், சமையலறையில் பருப்புச் சோற்றுக்கு வெங்காயம் வறுத்துக்கொண்டிருந்தாள்.

“மறுபடியும் லாரி ஓட்டப் போறியா?” என்றாள். “ஒரு வருஷமா ரெண்டு பேரும் தக்காளி ஏத்தி இறக்குறீங்க. இந்த வீட்டுக்கு ஒரு கிலோ வந்து நான் பார்க்கல.”

“இன்னிக்கு இறக்கித் தர்றேன், அத்தை” என்று லமியா சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள், ஆனால் பெட்டியைப் பார்த்ததும் முகம் சற்று மாறியது. “அது நிறைய கரண்ட் எடுக்குமா?” என்று மெல்லக் கேட்டாள். லமியா கம்பிகளைச் செருகிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தும் பதில் சொல்லத் தோன்றவில்லை.

ஏழு மணிக்கு விளையாட்டு திறந்தது. போதாது என்ற எழுத்து வரவில்லை. மலை வந்தது, பனி வந்தது, பாதையோரத்து மரங்களில் ஒவ்வோர் இலையும் தெரிந்தது. அவள் நிசாருக்குச் செய்தி அனுப்பினாள். சற்று நேரத்தில் அவனுடைய நீல லாரி பக்கத்தில் வந்து நின்றது.

“ஏய் பைத்தியக்காரி” என்றது காதில் அவன் குரல். “வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்.”

“எந்தக் கார்டு?”

அவள் சொன்னாள்.  “அது ரொம்ப இழுக்குமே, லமியா” என்றான். குரலில் பழைய கிண்டல் இல்லை.

“இழுக்கட்டும். வண்டியை எடு.”

முதல் வளைவைத் தாண்டியபோது சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு எழுந்தது. உடனே வீடு இருண்டது.

பிரேக்கர் பெட்டி கீழே, கட்டட வாசலில். கைபேசி வெளிச்சத்தில் மூன்று மாடி இறங்கி, விழுந்த பிரேக்கரைத் தூக்கிவிட்டு மேலே வந்தாள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது, விளையாட்டு திறந்தது, மறுபடி இருட்டு. இரண்டாம் முறை இறங்கினாள். அப்போதுதான் பிரேக்கரின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தாள். அவர்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே, பால்பாயின்ட் பேனாவில்: இரண்டரை.

அவள் ஏறி வந்தபோது மாமியார் வாசலிலேயே மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள்.

“பார்த்துட்டியா” என்றாள்.

“எப்போ குறைச்சீங்க?”

“ரெண்டு மாசமாச்சு. என்னைப் புதைக்கப் போறவளே, கோபப்படாதே.” உனக்கு முன்னால் நான் போக வேண்டும் என்று அவள் செல்லமாகச் சொல்வது அது, இன்று கெஞ்சலாக வந்தது. “அவன்தான் குறைக்கச் சொன்னான். கடையில சம்பளத்தைப் பாதியாக்கிட்டாங்களாம். உன்கிட்ட சொன்னா நீ அங்க கிளம்பிப் போயிடுவேன்னு பயந்தான். ஒரு ரூம்ல ஆறு பேர் படுத்துக்கிடக்கிறாங்க, அதுல உன்னை எங்க வைப்பான்?”

லமியா சுவரில் சாய்ந்துகொண்டாள். வேண்டாம், விடு. எதுக்கு அதெல்லாம். ஒரு மாதமாக அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவள் என்னென்ன கதைகள் கட்டியிருந்தாள். அவன் ஆம்பியரை நினைத்துச் சொல்லியிருக்கிறான்.

படியிறங்கித் தெருமுனைக்குப் போனாள். ஜெனரேட்டர்காரர் அபூ மஹ்ரூஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, எங்க வீட்டுக்கு மறுபடியும் அஞ்சு வேணும். அடுத்த மாசம் எப்படியாவது கட்டிடறேன்.”

“இருந்தா தர மாட்டேனா, மகளே? நீங்க விட்ட ரெண்டரையைப் பல் டாக்டர் எடுத்துட்டார்” என்றார் அவர். “யாராவது ஊரை விட்டுப் போனா சொல்றேன். வாரத்துக்கு ரெண்டு வீடு போய்க்கிட்டுதான் இருக்கு. உங்களுக்கு முன்னாடி வரிசையில ஒன்பது பேர்.”

திரும்பும் வழியில் வாயெலைக் கைபேசியில் அழைத்து, இரண்டரைதான் என்று சொன்னாள்.  “சின்னதை மாத்தித் தரேன், ஆனா அதுல உங்க விளையாட்டு திறக்கவே திறக்காது” என்றான். “இன்னொண்ணு செய்யலாம். பெரியதை அரை வயித்துக்குச் சாப்பிடச் சொல்லலாம். அதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு, அனுப்பறேன். ஓடாது. நடக்கும். ஃபிரிட்ஜைப் பிடுங்கி வைக்கணும்.”

அவள் கேட்குமுன்பே உம் நிசார் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். “பாலாடைக்கட்டி ஒரு மணி நேரத்துல சாகாது” என்றாள். விளக்குகளையும் அணைத்தாள். மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்து மருமகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள், ஏதோ பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவள்போல.

வாயெலின் புரோகிராமை ஏற்றியதும் மலை வந்தது. இந்த முறை இலைகள் இல்லை. மரங்கள் பச்சைக் கட்டிகளாக நின்றன. லாரி நான்கு அடி போய் நின்றது, பிறகு தாவி இருபது அடி தள்ளி முளைத்தது. நீல லாரி அவளுக்கு முன்னால் விளக்கெரியக் காத்திருந்தது. இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறான்.

“அம்மா சொல்லிட்டாங்களா?” என்றான் நிசார்.

“ம். அஞ்சு கேட்டேன், முன்னாடி வரிசையில ஒன்பது பேராம்.”

“நான் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்போ? எனக்கு நரைச்ச பிறகா?”

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. “ரெண்டு மாசத்துல வேற வேலை கிடைச்சிடும்னு நினைச்சேன். கிடைக்கல. இப்போ திரும்பி வரலாம்னா டிக்கெட்டுக்கு வழியில்ல. அங்க வந்தாலும் என்ன செய்யறது சொல்லு, வரிசையில பத்தாவது ஆளா ஆம்பியருக்கு நிக்கறதா?”

லாரி நின்று நின்று போனது. அவள் பாதையைப் பார்க்கவில்லை.

“நான் உன்னைப் பத்தி என்னென்னவோ நினைச்சேன், நிசார்” என்றாள். “சொன்னா வெட்கமா இருக்கு.”

“தெரியும். நாலு நிமிஷத்துல போனை வைச்சப்போ எல்லாம் தெரியும். ஆனா பேச ஆரம்பிச்சா உளறிடுவேன்னு பயமா இருந்துச்சு.”

“சரி, அதை விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. நீ வருவியா, இல்ல நான் வரட்டுமா? ஆறு பேரோட ஏழாவது ஆளா தரையில படுத்துக்கறேன். எனக்கு ஒரு பதில் வேணும். இப்படியே லாரியில குடித்தனம் பண்ண முடியாது.”

அவன் மூச்சு விடுவது காதில் கேட்டது. “லமியா” என்றான். “நான் ஒண்ணு யோசிச்சு வைச்சிருக்கேன். நீ—”

திரை அணைந்தது. அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள், பாதியில் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே தெரு முழுவதும் இருட்டாக இருந்தது. பல் டாக்டரின் விளக்குப் பலகைகூட இல்லை. ஜெனரேட்டரின் உறுமல் நின்றுபோயிருந்தது. டீசல் தீர்ந்திருக்கும். தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவனுக்கும் அதே ஜெனரேட்டர்தான். கைபேசியில் கோபுரச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை.

லமியா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காதிலிருந்து கருவியைக் கழற்றவில்லை.

உம் நிசார் மெழுகுவர்த்தியைச் சற்று அருகில் நகர்த்தி வைத்தாள். “என் பிள்ளை என்ன சொன்னான்?” என்று கேட்டாள்.

“இன்னும் சொல்லல, அத்தை” என்றாள் லமியா.